அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் சீசன ஒரே ஒரு டீமோட முழுசா ஃபாலோ பண்றது எப்படி

அமெரிக்காவுக்கு மாஸ்டர்ஸ் படிக்க போறவங்க, இல்ல பையனோ பொண்ணோ அங்க சேர்ந்ததுல இருந்து அந்த யூனிவர்சிட்டி பேர தெனமும் தேடிட்டு இருக்கற அப்பா அம்மா, எல்லாரும் ஆகஸ்ட் கடைசில முழிக்கற எடம் இது தான். சனிக்கிழமை ஆனா ஊரே ஒரே கலர் டீஷர்ட்டுக்கு மாறுது, பாதி ரோடு அடைச்சுடுறாங்க, லைப்ரரில ஈ ஓட்டுது, திங்கட்கிழமை லேப்ல எல்லாரும் ஒண்ணு துள்ளிட்டு இருக்காங்க இல்ல எழவு வீடு மாதிரி உக்காந்திருக்காங்க. இது சாக்கர் இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கற அமெரிக்கன் ஃபுட்பால், அதுவும் காலேஜ் பசங்க ஆடறது. 1869ல ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடின மேட்ச தான் இதோட முதல் மேட்ச்னு கணக்கு வெக்கறாங்க, அப்ப இருந்து ஓடிட்டு இருக்கு.

புதுசா பாக்க ஆரம்பிக்கறவங்க பெரும்பாலும் எல்லா மேட்சையும் பாக்க ட்ரை பண்ணி ரெண்டே வாரத்துல விட்டுடுவாங்க. டாப் டிவிஷன்லயே 130 டீமுக்கு மேல இருக்கு, எவனாலயும் முடியாது. என் சஜஷன் ஒண்ணு தான், ஒரே ஒரு டீம புடிங்க, அந்த டீமோட 12 மேட்ச் ஷெட்யூல பிரிண்ட் எடுத்து வைங்க, மொத்த சீசனையும் அந்த ஒரு பேப்பர் வழியா பாருங்க. ஐபிஎல்ல 14 லீக் மேட்ச்ல ஆறு தோத்துட்டு கூட பிளேஆஃப் போயிடலாம், இங்க 12ல மூணு தோத்தா பெரிய டீமா இருந்தாலும் பெரும்பாலும் டிசம்பர்ல வெளிய நிக்க வேண்டியது தான். அதனால யார் கிட்ட தோத்தோம், எங்க தோத்தோம், எந்த மாசம் தோத்தோம்ங்கறது எல்லாமே கணக்கு.

உதாரணத்துக்கு இந்த கைடு முழுக்க ஓஹையோ ஸ்டேட்டோட 2024 சீசன எடுத்துக்கறேன். நான் அவங்க ஃபேன்ங்கறதுக்காக இல்ல, ஒரு சீசன்ல என்னென்ன நடக்கலாமோ அத்தனையும் அந்த ஒரே சீசன்ல நடந்துச்சு, அதுவும் 12 டீம் பிளேஆஃப் வந்த முதல் வருஷத்துல.

டீம் எடுக்கறது

நீங்க படிக்கற காலேஜ்ல டீம் இருந்தா யோசிக்கவே வேணாம், அது தான் உங்க டீம், கேவலமா ஆடினாலும் சரி. இல்லனா நீங்க இருக்கற ஸ்டேட்டோட பெரிய யூனிவர்சிட்டி. ஒரே ஒரு அட்வைஸ், போன வருஷம் ஜெயிச்ச டீம்ங்கறதுக்காக எடுக்காதீங்க. காலேஜ்ல நாலஞ்சு வருஷத்துல பிளேயர் போயே ஆகணும், இப்ப டிரான்ஸ்ஃபர் வேற ஈஸி ஆயிடுச்சு, ஒரே வருஷத்துல டீமே தலகீழா மாறிடும். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023ல 13-0, அதாவது 13 ஜெயிச்சு ஒண்ணு கூட தோக்காம கான்ஃபரன்ஸ் (ஒண்ணா லீக் ஆடற காலேஜ் குழு) ஜெயிச்சாங்க, அடுத்த வருஷம் 2-10. எதிர்ப்பக்கம் இண்டியானா 2023ல 3-9, கோச் கர்ட் சிக்னெட்டி வந்த மொத வருஷமே ரெகுலர் சீசன் 11-1. டேபிள பாத்து டீம் எடுத்தவன் அந்த ரெண்டு டீம் விஷயத்துலயும் ஏமாந்திருப்பான்.

எடுத்தாச்சுன்னா அந்த டீம் எந்த கான்ஃபரன்ஸ்னு பாத்துக்கோங்க. எஸ்இசி, பிக் டென், ஏசிசி, பிக் 12, இந்த நாலும் தான் பவர் கான்ஃபரன்ஸ்னு சொல்றது. பேர வெச்சு எண்ணிக்கைய நம்பாதீங்க, பிக் டென்ல 18 டீம் இருக்கு, பிக் 12ல 16. 2024ல டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்கு போயிட்டாங்க, கலிஃபோர்னியால இருக்கற யூஎஸ்சி, யூசிஎல்ஏ எல்லாம் நியூ ஜெர்சி ரட்கர்ஸ் இருக்கற பிக் டென்ல சேர்ந்துட்டாங்க, எல்லாம் டிவி காசு. பெரிய டீம்ல நோட்டர் டேம் மட்டும் எந்த கான்ஃபரன்ஸ்லயும் சேராம தனியா ஆடும்.

ஷெட்யூல பிரிக்கறது, இது தான் மெயின் வேலை

ஆகஸ்ட்ல உக்காந்து ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணுங்க. 12 மேட்ச்ல ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு விஷயம் எழுதணும், ஹோமா ரோடா (சொந்த ஊரா வெளியூரா), எதிராளி போன வருஷம் எப்படி, அதுக்கு முந்தின வாரமும் அடுத்த வாரமும் யாரு. இந்த மூணாவத நெறைய பேர் விட்டுடுவாங்க, அங்க தான் மேட்டரே இருக்கு.

ஓஹையோ ஸ்டேட் 2024 ஷெட்யூல இப்படி பிரிச்சு பாக்கலாம். மொத மூணு மேட்ச் ஏக்ரன், வெஸ்டர்ன் மிச்சிகன், மார்ஷல், எல்லாமே அவங்க ஊரான கொலம்பஸ்ல. இது சும்மா மேட்ச். பெரிய ஸ்கூல் சின்ன ஸ்கூலுக்கு காசு குடுத்து கூப்ட்டு அடிக்கற மேட்ச், அதுக்கு பத்து லட்சம் டாலர தாண்டி கூட குடுக்கறாங்க, சின்ன ஸ்கூலுக்கு அந்த காசுல தான் ஸ்போர்ட்ஸ் பட்ஜெட் ஓடுது. ஸ்கோர் 52-6, 56-0, 49-14. இத பாத்துட்டு டீம் சூப்பர்னு முடிவு பண்ணக்கூடாது, இந்த மேட்ச்ல பாக்க வேண்டியது காயம் யாருக்காவது ஆச்சா, கிக்கர் எப்படி அடிக்கறான், ரெண்டாவது குவார்ட்டர்பேக், அதாவது பாஸ் போட்டு ஆட்டத்த நடத்தற ஆள், தேறுவானா, அவ்ளோ தான்.

ஆனா இந்த மாதிரி மேட்ச்ல தோத்தா அது தான் பெரிய நியூஸ். 2007ல அப்பலாச்சியன் ஸ்டேட்னு ஒரு கீழ் டிவிஷன் டீம் மிச்சிகன அவங்க சொந்த ஸ்டேடியத்துலயே 34-32ன்னு அடிச்சாங்க, இன்னிக்கும் மிச்சிகன்காரங்க கிட்ட அத பத்தி பேசினா மூஞ்சி மாறும். 2024ல நோட்டர் டேம் ரெண்டாவது மேட்ச்லயே நார்தர்ன் இல்லினாய் கிட்ட ஹோம்ல 16-14 தோத்துச்சு, எல்லாரும் சீசன் முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. அந்த டீம் அதுக்கப்புறம் 13 மேட்ச் வரிசையா ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் போச்சு. செப்டம்பர் தோல்விக்கு திரும்பி வர டைம் இருக்கு, நவம்பர் தோல்விக்கு அது கெடையாது.

ஓஹையோ ஸ்டேட்டுக்கு மீதி ஒம்பது மேட்ச் கான்ஃபரன்ஸ் மேட்ச். அதுல வட்டம் போட வேண்டியது நாலு, அக்டோபர் 12 ஒரேகன்ல ரோடு மேட்ச், நவம்பர் 2 பென் ஸ்டேட்ல ரோடு மேட்ச், நவம்பர் 23 இண்டியானா, நவம்பர் 30 மிச்சிகன். ஆகஸ்ட்ல போட்டிருந்தா இண்டியானாவுக்கு யாரும் வட்டம் போட்டிருக்க மாட்டாங்க, சீசன் நடுவுல தான் போட்டிருப்பாங்க, அதனால பென்சில்ல போடுங்க, மாத்திக்கலாம்.

அப்புறம் பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட வேண்டிய மேட்ச் இருக்கும், டிராப் கேம்னு சொல்லுவாங்க. ரெண்டு பெரிய மேட்சுக்கு நடுவுல சொருகி இருக்கற சுமாரான டீம். ஒரேகன் கிட்ட 32-31ன்னு ஒத்த பாயிண்ட்ல தோத்துட்டு, நடுவுல ஒரு வாரம் லீவு முடிஞ்சு, அடுத்து பென் ஸ்டேட் மேட்ச் காத்துட்டு இருக்கறப்ப நடுவுல ஹோம்ல நெப்ராஸ்கா. ஈஸியா முடியும்னு நெனச்ச மேட்ச், முக்கி முனகி 21-17. ஷெட்யூல பாத்திருந்தா அந்த வாரம் டென்ஷனா தான் உக்காந்திருப்பீங்க, டேபிள மட்டும் பாத்தவன் ஜாலியா இருந்திருப்பான்.

ஆடாம ரெஸ்ட் எடுக்கற வாரத்துக்கு பை வீக்னு பேரு. வழக்கமா ஒண்ணு, சில வருஷம் காலண்டர்ல சனிக்கிழமை கூட வந்தா ரெண்டு, 2024லயும் 2025லயும் அப்படி. உங்க டீமோட பை வீக் எப்பன்னு பாக்கறது மாதிரியே எதிராளி உங்க கூட ஆடறதுக்கு முன்னாடி பை வீக்ல ரெஸ்ட் எடுத்துட்டு வர்றானான்னும் பாருங்க.

ரூல்ஸ், அவசரத்துக்கு போதுமான அளவு

நாலு சான்ஸ்ல 10 யார்ட் போகணும், போனா மறுபடி நாலு சான்ஸ், அந்த சான்ஸுக்கு பேரு டவுன். எதிராளி பக்கத்து கடைசி லைன தாண்டி பந்த கொண்டு போனா டச்டவுன் 6 பாயிண்ட், கூட ஒரு கிக் அடிச்சா 1, கிக்குக்கு பதிலா இன்னொரு தடவ ஓடியோ பாஸ் போட்டோ உள்ள போனா 2. ஃபீல்டு கோல், அதாவது டச்டவுன் இல்லாம நேரா கம்பத்துக்கு நடுவுல கிக் அடிச்சா, 3. உங்க ஏரியாக்குள்ளயே உங்கள புடிச்சு சாய்ச்சா அவனுக்கு 2. 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், ஆனா டிவில மூணரை மணி நேரம் ஓடும், அதுக்கு ரெடியா இருங்க.

என்எஃப்எல்ங்கற ப்ரொஃபெஷனல் லீக் பாத்து பழகினவங்களுக்கு சில வித்தியாசம். காலேஜ்ல கேட்ச் புடிக்கறப்ப ஒரு கால் உள்ள இருந்தா போதும், அங்க ரெண்டு. காலேஜ்ல எவனும் தொடாம நீங்களா தடுக்கி முட்டி தரைல பட்டாலும் அந்த பிளே முடிஞ்சுது. டை ஆனா ஓவர்டைம்ல ஆளுக்கு ஒரு தடவ 25 யார்ட் லைன்ல இருந்து சான்ஸ், மூணாவது ஓவர்டைம்ல இருந்து வெறும் 2 பாயிண்ட் ட்ரை மட்டும் மாத்தி மாத்தி. 2021ல இல்லினாயும் பென் ஸ்டேட்டும் இப்படி ஒம்பது ஓவர்டைம் ஆடினாங்க, ஃபைனல் ஸ்கோர் 20-18, அதோட அழக நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

ஒரு வாரம் எப்படி ஓடும்

சனிக்கிழமை மேட்ச். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏபி போல் ரேங்கிங் வரும், பத்திரிகைக்காரங்க ஓட்டு போடறது, 1936ல இருந்து நடக்குது. திங்கள் செவ்வாய்ல கோச்சோட பிரஸ் மீட், அதுல கோச் ஒண்ணும் சொல்ல மாட்டார், ஆனா யாருக்கு அடி பட்டிருக்குன்னு கேக்கறப்ப அவர் மூஞ்சிய பாருங்க. நவம்பர் ஆரம்பிச்சா செவ்வாய் நைட் பிளேஆஃப் கமிட்டி ரேங்கிங் வரும். மேட்ச் நெருங்க நெருங்க யார் ஆடறாங்க யார் ஆடலங்கற லிஸ்ட், எஸ்இசி, பிக் டென் மாதிரி கான்ஃபரன்ஸ்ல இப்ப அத ஆஃபீஷியலாவே வெளியிடறாங்க. அந்த லிஸ்ட்ல குவார்ட்டர்பேக் பேர மட்டும் தேடாதீங்க, அஃபென்சிவ் லைன், அதாவது முன்னாடி நின்னு எதிராளிய தடுக்கற ஆளுங்க பேர தேடுங்க. ஓஹையோ ஸ்டேட்டுக்கு ஒரேகன் மேட்ச்ல அந்த லைன்ல ஆடற லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் சீசனே முடிஞ்ச மாதிரி அடி பட்டார், இண்டியானா மேட்ச்சுக்கு முன்னாடி சென்டர் செத் மெக்லாக்லினும் போயிட்டார், நவம்பர் கடைசில ரன் கேம் (பந்த தூக்கிட்டு ஓடறது) ஏன் நகரலங்கறதுக்கு பதில் அங்க இருக்கு, ஹைலைட்ஸ்ல இது தெரியாது.

மேட்ச் டைம் ஒரு தலைவலி. தேதி முன்னாடியே தெரியும், ஆனா மணி தெரியாது. டிவி சேனல்காரங்க வழக்கமா 12 நாள் முன்னாடி தான் எந்த மேட்ச் எந்த ஸ்லாட்டுன்னு முடிவு பண்ணுவாங்க, சில வாரம் ஆறு நாள் முன்னாடி தான். அதனால ஊருக்கு போக டிக்கெட் போடறவங்க சனிக்கிழமை முழுக்க காலியா வெச்சுக்கிட்டு போடுங்க. ஈஸ்டர்ன் டைம்ல மத்தியானம் 12, சாயங்காலம் 3.30, நைட் 7.30 பக்கம், இந்த மூணு தான் பெரிய ஸ்லாட். இந்தியால இருந்து பாக்கற பேரண்ட்ஸுக்கு அது சனி நைட் 9.30, நள்ளிரவு தாண்டி 1 மணி, ஞாயிறு காலைல 5 மணி. நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்த மாத்துவாங்க, அதுக்கப்புறம் எல்லாத்துலயும் ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க.

ரேங்கிங்க எவ்ளோ நம்பலாம்

ஆகஸ்ட்ல வர்ற ப்ரீசீசன் ரேங்கிங் பேச்சு சுவாரஸ்யத்துக்கு மட்டும். அதே 2-10 ஃப்ளோரிடா ஸ்டேட் 2024 ஆகஸ்ட்ல ஏபி போல்ல 10வது எடத்துல இருந்துச்சு, டப்ளின்ல நடந்த மொத மேட்ச்லயே ஜார்ஜியா டெக் கிட்ட 24-21 தோத்து கதைய ஆரம்பிச்சாங்க. அந்த இண்டியானா அதே ஆகஸ்ட்ல பிக் டென் ரிப்போர்ட்டர்ஸ் கணிப்புல 18 டீம்ல 17வது. ஒரு மேட்ச் கூட ஆடாம போடற நம்பர், அதுல போன வருஷ பேரும் புகழும் தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல், ஆகஸ்ட்ல மேல இருந்து ஆரம்பிச்சவன் தோத்தாலும் மெதுவா தான் எறங்குவான், கீழ இருந்து ஆரம்பிச்சவன் ஜெயிச்சாலும் மெதுவா தான் ஏறுவான். அக்டோபர் நடு வரைக்கும் நம்பர பாக்காம அவன் யார அடிச்சான்னு பாருங்க. ரேங்க் ஒண்ணாவது எடத்துல இருக்கறவனும் சேஃப் இல்ல, 2024 அக்டோபர் 5ஆம் தேதி நம்பர் 1ஆ இருந்த அலபாமாவ வேண்டர்பில்ட் 40-35ன்னு அடிச்சுது. வேண்டர்பில்ட் ஃபேன்ஸ் கோல்போஸ்ட்ட புடுங்கி நாஷ்வில் நடுத்தெரு வழியா தூக்கிட்டு போயி கம்பர்லேண்ட் ஆத்துல போட்டுட்டாங்க. அத ஒரு தடவ வீடியோல பாத்துடுங்க, ஏன் இந்த ஜனங்க இப்படி இருக்காங்கன்னு பாதி புரிஞ்சுடும்.

நவம்பர்ல இருந்து வர்ற கமிட்டி ரேங்கிங் மட்டும் தான் நெஜமா கணக்கு. 13 பேர் ரூம்ல உக்காந்து பேசி முடிவு பண்றது, ஃபார்முலா எதுவும் கெடையாது, அதனால சண்ட வராம இருக்காது. 2023ல நாலு டீம் தான் பிளேஆஃப்ல, 13-0ல இருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்ட குவார்ட்டர்பேக் ஜார்டன் டிராவிஸ் அடி பட்டு போயிட்டார்ங்கற காரணத்த வெச்சு வெளிய நிறுத்தினாங்க. என்ன பொறுத்த வரைக்கும் அது அநியாயம், களத்துல ஜெயிச்சவன ரூம்ல தோக்கடிச்சது. அப்புறம் ஆரஞ்சு பௌல்ங்கற சீசன் கடைசி ஸ்பெஷல் மேட்ச்ல அந்த டீம் ஜார்ஜியா கிட்ட 63-3 வாங்கினாங்க, கமிட்டி சரியா தான் சொல்லிச்சுன்னு பேசறவங்க அத காட்டுவாங்க, ஆனா அந்த மேட்ச்ல பாதி ஸ்டார்ட்டர்ஸ் ஆடவே இல்லங்கறத சொல்ல மாட்டாங்க.

ஸ்கோர் தாண்டி பாக்க வேண்டிய நம்பர்

மேட்ச் முடிஞ்சதும் பாக்ஸ் ஸ்கோர்ல மொத்த யார்ட் பாக்காதீங்க, ஒரு பிளேக்கு எத்தன யார்ட்னு பாருங்க. அப்புறம் மூணாவது டவுன்ல எத்தன தடவ கன்வர்ட் பண்ணாங்க (தேவையான யார்ட் எடுத்தாங்க), டர்ன்ஓவர், அதாவது பந்த எதிராளி கிட்ட விட்டது, எத்தன, எதிராளி கோட்டுக்கு கிட்டக்க போன ஒவ்வொரு தடவையும் 6 எடுத்தாங்களா 3 எடுத்தாங்களா. இந்த நாலும் போதும், மீதி எல்லாம் அலங்காரம். புதுசா பாக்கறவங்கள குழப்பற ஒண்ணு, காலேஜ் கணக்குல குவார்ட்டர்பேக்க புடிச்சு சாய்ச்சா அந்த மைனஸ் யார்ட ரன்னிங் கணக்குல கழிப்பாங்க, என்எஃப்எல்ல பாஸ் கணக்குல கழிப்பாங்க. அதனால ஒரு காலேஜ் டீம் வெறும் 40 யார்ட் தான் ஓடிச்சுன்னு பாத்தா உடனே ரன்னிங்பேக்க (பந்த தூக்கிட்டு ஓடறவன) திட்டாதீங்க, சேக், அதாவது குவார்ட்டர்பேக்க சாய்ச்சது, எத்தனன்னு பாத்துட்டு திட்டுங்க.

ஸ்டேடியம் போறதுன்னா

ஒரு தடவயாச்சும் நேர்ல போங்க, டிவில தெரியறது பாதி தான். மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம், அமெரிக்காவுலயே பெருசு, ஓஹையோ, பென் ஸ்டேட், டென்னசி ஸ்டேடியமெல்லாம் லட்சத்த தாண்டும். ஸ்டூடண்ட் டிக்கெட் தனி, பெரிய டீம் இருக்கற காலேஜ்ல சம்மர்லயே விண்டோ ஓப்பன் ஆகும், ஈமெயில் ஸ்பேம்ல போயிடுச்சான்னு பாத்துக்கோங்க, கிராட் ஸ்டூடண்ட்டும் எலிஜிபிள் தான், நெறைய நம்மாளுங்களுக்கு அது தெரியறதே இல்ல. ஸ்டூடண்ட் செக்ஷன்ல யாரும் உக்கார மாட்டாங்க, மூணரை மணி நேரமும் நின்னுட்டே தான், டெக்சாஸ் ஏ அண்ட் எம்ல அது ஒரு மரபாவே இருக்கு. கிளியர் பேக், அதாவது உள்ள இருக்கறது வெளிய தெரியற பை, இல்லாம வாசல்ல நின்னு ரூமுக்கு திரும்பி ஓடாதீங்க. செப்டம்பர்ல வெயில் மண்டைய பொளக்கும், நவம்பர்ல வடக்கு ஸ்டேட்ல குளிரு எலும்புல ஏறும், ரெண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு.

மேட்ச்க்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடியே பார்க்கிங் லாட்ல போயிடுங்க. காரோட பின்கதவ தொறந்து வெச்சு கிரில் போட்டு சமைச்சுட்டு இருப்பாங்க, டெயில்கேட்டிங்னு சொல்றது, தெரியாத ஆள் கூட ஒரே கலர் சட்டை போட்டிருந்தா கூப்ட்டு சாப்பாடு குடுப்பான். ஹாஃப்டைம்ல கக்கூஸுக்கு எழுந்து போகாதீங்க, மார்ச்சிங் பேண்ட் பாக்கணும். ஓஹையோ ஸ்டேட் பேண்ட் மைதானத்துல நடந்துக்கிட்டே ஓஹையோன்னு கையெழுத்து மாதிரி எழுதுவாங்க, கடைசில ஒரு சூசஃபோன்காரர் (பெரிய ஊதுகருவி வாசிக்கறவர்) ஓடி வந்து ஐக்கு புள்ளி வெப்பார், அதுக்கு லட்சம் பேர் கத்துவாங்க. அயோவால மொத குவார்ட்டர் முடிஞ்சதும் மொத்த ஸ்டேடியமும் திரும்பி பக்கத்துல இருக்கற குழந்தைங்க ஆஸ்பத்திரி ஜன்னல பாத்து கை ஆட்டுவாங்க, எதிராளி டீமும் சேர்ந்து.

நவம்பர் கடைசி வாரம்

தேங்க்ஸ்கிவிங் வாரம் ரைவல்ரி வீக். அலபாமா-ஆபர்ன், மிச்சிகன்-ஓஹையோ ஸ்டேட் எல்லாம் அப்ப தான். இங்க ரெக்கார்டுக்கு வேலையே இல்ல. 2024 நவம்பர் 30, நம்பர் 2ல இருந்த ஓஹையோ ஸ்டேட் தன் ஹோம்ல, 6-5ல ரேங்கே இல்லாம வந்த மிச்சிகன், சுமார் 20 பாயிண்ட்ல ஓஹையோ ஜெயிக்கும்னு எல்லா கணிப்பும். முடிவு 13-10, மிச்சிகன். ஓஹையோ பக்கம் ரெண்டு இன்டர்செப்ஷன் (போட்ட பாஸ எதிராளி புடிச்சுட்டான்), ரெண்டு ஃபீல்டு கோல் மிஸ், ஓட்டம் நகரவே இல்ல. முடிஞ்சதும் மிச்சிகன்காரங்க நடுவுல கொடிய நட போயி கைகலப்பு, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிக்கற வரைக்கும் போச்சு. கோச் ரயன் டே வேலைய புடுங்கணும்னு ஊரே கத்துச்சு, மிச்சிகன் கிட்ட அவருக்கு அது வரிசையா நாலாவது தோல்வி.

அந்த வாரம் உங்க டீம் தோத்தா பேப்பர கிழிக்காதீங்க. கணக்கு போட்டு பாருங்க, ரெண்டு தோல்வி, ஒண்ணு நம்பர் 3 டீம் கிட்ட ரோடுல ஒரு பாயிண்ட்ல, ஜெயிச்ச லிஸ்ட்ல பென் ஸ்டேட்டும் இண்டியானாவும். கான்ஃபரன்ஸ் ஃபைனல் போச்சு, ஆனா பிளேஆஃப்க்கு தாராளமா போதும். ஆகஸ்ட்ல இருந்து ஷெட்யூல எழுதி வெச்சவனுக்கு இந்த கணக்கு ரெண்டு நிமிஷத்துல வந்துடும்.

டிசம்பர், ஜனவரி

டிசம்பர் மொத வாரம் கான்ஃபரன்ஸ் ஃபைனல், அடுத்த நாள் ஞாயிறு மத்தியானம் 12 டீம் அறிவிப்பு. 2024, 2025 ரெண்டு வருஷமும் அஞ்சு கான்ஃபரன்ஸ் சாம்பியன், அதுக்கு மேல ரேங்க்ல இருக்கற ஏழு பேர். 2024ல மூணு தோல்வி வாங்கின அலபாமா வெளிய போச்சு, ஏசிசி ஃபைனல்ல கிளெம்சன் கிட்ட கடைசி நொடி 56 யார்ட் கிக்ல தோத்த எஸ்எம்யூ உள்ள வந்துச்சு. டாப் நாலு டீமுக்கு மொத ரவுண்டு லீவு. 2024ல அது டாப் நாலு சாம்பியனுக்குத்தான்னு வெச்சாங்க, நாலு பேருமே குவார்ட்டர் ஃபைனல்லயே தோத்தாங்க, 2025ல இருந்து நேரா ரேங்கிங் வரிசையிலேயே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்த ரூல வருஷா வருஷம் நோண்டிட்டே இருக்காங்க, அதனால ஆகஸ்ட்ல ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க.

மொத ரவுண்டு மேல சீட்ல (பிளேஆஃப் வரிசை நம்பர்) இருக்கறவன் கேம்பஸ்லயே, டிசம்பர் குளிர்ல. அத தவற விடாதீங்க, இந்த மொத்த ஃபார்மட்லயே உருப்படியான ஐடியா அது தான். அதுக்கப்புறம் ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், பீச், ஃபியஸ்டான்னு ஆறு பெரிய பௌல்ல குவார்ட்டர் ஃபைனலும் செமியும், ஜனவரில திங்கட்கிழமை நைட் ஃபைனல். எட்டாவது சீட்ல போன ஓஹையோ ஸ்டேட் டென்னசிய 42-17, அதே ஒரேகன 41-21, டெக்சாஸ 28-14. அந்த டெக்சாஸ் மேட்ச்ல ஏழு பாயிண்ட் வித்தியாசத்துல டெக்சாஸ் ஒரு யார்ட் லைன் வரைக்கும் வந்துட்டாங்க, அங்க இருந்து பின்னாடி தள்ளப்பட்டு நாலாவது டவுன்ல ஜாக் சாயர் பந்த தட்டி விட்டு தானே எடுத்து 83 யார்ட் ஓடினார். ஃபைனல்ல நோட்டர் டேம் கூட, கடைசில மூணாவது டவுன் 11 யார்ட் வேணும், வில் ஹவார்ட் ஒரு பெரிய பாஸ் போட்டார், ஜெரமயா ஸ்மித் 56 யார்ட், 34-23. ஊரு வேலைய விட்டு தூக்க சொன்ன கோச் கைல கப்.

உங்க டீம் பிளேஆஃப் போகலனா ஆறு ஜெயிச்சிருந்தா ஏதாவது ஒரு பௌல் மேட்ச் கெடைக்கும், மொத்தம் 40 பக்கம் இருக்கு. அதுல ரொம்ப எதிர்பார்ப்பு வெக்காதீங்க. 2016ல கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லெனர்ட் ஃபோர்னெட்டும் என்எஃப்எல் டிராஃப்ட் (டீமுங்க காலேஜ் பிளேயர செலக்ட் பண்றது) முன்னாடி அடி படக்கூடாதுன்னு பௌல் ஆடாம விட்டதுல இருந்து அது பழக்கமாவே ஆயிடுச்சு. ஜாலியா பாக்கலாம், மயோனைஸ் ஸ்பான்சர் பண்ற பௌல்ல ஜெயிச்ச கோச் தலைல ஒரு வாளி மயோனைஸ் கொட்டுவாங்க.

சீசன் முடிஞ்ச உடனே செய்ய வேண்டிய வேலை

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் லிஸ்ட், அதாவது வேற காலேஜ்க்கு மாற பேர் குடுத்த பிளேயர் லிஸ்ட், பாருங்க. 2021ல இருந்து வேற காலேஜ்க்கு மாறினா ஒரு வருஷம் சும்மா உக்காரணும்ங்கற கட்டாயம் போச்சு, அதே வருஷம் ஜூலைல பிளேயர் தன் பேர வெச்சு காசு சம்பாதிக்கலாம்னு ஆச்சு, 2025ல இருந்து காலேஜே நேரா பங்கு குடுக்கலாம், மொத வருஷம் ஒரு ஸ்கூலுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். ஓஹையோ ஸ்டேட்டோட அந்த சாம்பியன் டீம்ல குவார்ட்டர்பேக் வில் ஹவார்ட் கேன்சஸ் ஸ்டேட்ல இருந்து வந்தவர், ரன்னிங்பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ், டிஃபென்ஸ்ல சேஃப்டி ஆடற கேலப் டவுன்ஸ் அலபாமா. அதே டீம்ல இருந்து 2025 டிராஃப்ட்ல 14 பேர் என்எஃப்எல் போயிட்டாங்க, டிஃபென்ஸ் கோச் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கே போயிட்டார். அதனால பழைய பேப்பர தூக்கி போட்டுட்டு மே மாசத்துல புது ரோஸ்டர் (பிளேயர் லிஸ்ட்) எடுங்க, அஃபென்சிவ் லைன்ல எத்தன பேர் பழைய ஆளுங்கன்னு எண்ணுங்க, குவார்ட்டர்பேக் போன வருஷம் எந்த ஸ்கூல்ல இருந்தான்னு எழுதுங்க, பக்கத்துல புது 12 மேட்ச ஒட்டி வைங்க.